பப்பாளியும் கேரட்டும்: தட்டிலிருந்து இரத்தம் வரை

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



கண்ணுக்கு நல்லது எது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டாலும் பிள்ளைகள் ஒரே குரலில் "கேரட்" என்பார்கள். "பப்பாளி" என்று சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆசிரியர்களும் அப்படித்தான், அவர்களிடம் படித்த நாமும் அப்படித்தான்.

பப்பாளிக்கு நம் ஊரில் மரியாதை குறைவு. சம்பந்தி வீட்டுக்குப் போகும் தட்டில் ஆப்பிள் இருக்கும், மாதுளை இருக்கும். பப்பாளி இருந்து பார்த்திருக்கிறீர்களா? அது கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், யாரோ துப்பிய விதையிலிருந்து தானாக முளைக்கும். ஒரு வருஷத்துக்குள் காய்த்துவிடும். பழுத்தால் பாதியை அணில் தின்னும், மீதியை அக்கம்பக்கத்தில் கொடுப்போம். சும்மா கிடைக்கிற பொருளுக்குச் சத்து இருக்கும் என்று நம்ப நமக்கு மனம் வருவதில்லை.

இத்தனைக்கும் இரண்டுமே வெளியூர்ச் சரக்குதான். பப்பாளி நடு அமெரிக்காவில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கப்பலில் இங்கே வந்தது. கேரட்டைச் சந்தையில் இன்றைக்கும் "இங்கிலீஷ் காய்" என்ற கணக்கில்தான் வைக்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கினார். அந்த வழியில் நீலகிரி நமக்குக் கேரட் மலையானது. இரண்டு வந்தேறிகளில் ஒருவருக்குப் பாடப்புத்தகத்தில் இடம், மற்றவருக்குக் கிணற்றடி. இந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

தீர்ப்புக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது? அட்டவணையிலிருந்து. நூறு கிராம் பொருளில் இன்ன சத்து இவ்வளவு என்று சொல்லும் அட்டவணை. அதுவும் அதே நீலகிரியில்தான் நமக்காக உருவானது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய வேலை அது. பிறகு அங்கே இயக்குநராக வந்த அய்க்ராய்ட், 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைச் சிறு நூலாக வெளியிட்டார். அந்த ஆய்வகம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது; இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நாம் சொல்வது அதைத்தான். உங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் "கேரட்டில் இவ்வளவு" என்று எதையாவது படித்திருந்தால், அதன் மூதாதை குன்னூர்தான்.

அட்டவணை என்ன சொல்கிறது என்று ஓட்டமாகப் பார்த்துவிடுவோம். நான் சொல்வது அமெரிக்க வேளாண் துறையின் எண்கள், நூறு கிராமுக்கு. கலோரி பப்பாளியில் 43, கேரட்டில் 41, வித்தியாசமே இல்லை. நார்ச்சத்தும் பொட்டாசியமும் கேரட்டில் கூடுதல். ஃபோலேட் பப்பாளியில் சுமார் இரண்டு மடங்கு. வைட்டமின் சி பப்பாளியில் 60 மில்லிகிராமுக்கு மேல், கேரட்டில் 6. பத்து மடங்கு! இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கேரட் பெரிதாக ஜெயிப்பது ஒரே இடத்தில்தான், ஆனால் அது மிகப் பெரிய வெற்றி. பீட்டா கரோட்டின். நம் உடம்பு இதைக் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பட்டியல் ஒன்றில் கேரட்டுக்கு 6460 மைக்ரோகிராம், பழுத்த பப்பாளிக்கு 880. ஏழு மடங்குக்கும் மேல். அமெரிக்க எண்களை எடுத்தால் இடைவெளி இன்னும் அகலம். பிள்ளைகள் "கேரட்" என்று கத்துவதற்குக் காரணம் இந்த எண்தான்.

சரி, இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? ஆய்வகத்தில் கேரட்டை நைசாக அரைக்கிறார்கள். கரைப்பானை ஊற்றி நிறம் முழுவதும் இறங்கும்வரை திரும்பத் திரும்பப் பிரித்தெடுக்கிறார்கள். சக்கை வெளுத்த பிறகுதான் விடுகிறார்கள். நம் குடலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான்கைந்து மணி நேரத்தில் உள்ளே வந்ததைத் தள்ளிவிட வேண்டும். அதற்குள் கிடைத்தவரை லாபம். அட்டவணை சொல்வது பொருளில் என்ன இருக்கிறது என்பதை. நமக்கு வேண்டியது இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பது.

இங்கேதான் பழமும் கிழங்கும் பிரிகின்றன. கேரட் துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் கரோட்டின் பளபளப்பான படிகங்களாக, ஊசி ஊசியாக நிற்பது தெரியும். அதைச் சுற்றித் தடித்த செல்சுவர் வேறு. நாம் கடித்து மென்றும் உடையாத செல் ஏராளம். உடைந்தாலும் படிகம் சுலபத்தில் கரையாது. பப்பாளியில் பீட்டா கரோட்டின் அப்படி இறுகி நிற்பதில்லை. மெல்லிய குழாய் போன்ற அமைப்புகளில், பாதி திரவ நிலையில் இருக்கிறது. பழுத்த சதையின் செல்சுவரும் குழைந்து போயிருக்கும். கற்கண்டை முழுசாக விழுங்குவதற்கும் அதையே பாலில் கரைத்துக் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நுண்ணோக்கிக் கதையோடு நிற்கவில்லை. ஜெர்மனி, கோஸ்டாரிகா, அமெரிக்கா ஆய்வாளர்கள் சேர்ந்து 2014-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 16 பேருக்கு வெவ்வேறு சந்தர்ப்பங்களில் கேரட், தக்காளி, பப்பாளி கொடுத்து, அதன்பின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பப்பாளியிலிருந்து சேர்ந்த பீட்டா கரோட்டின், கேரட்டிலிருந்து சேர்ந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. சாப்பிட்ட கரோட்டின் அளவு ஒன்றுதான். உள்ளே போனதில்தான் இந்த வேறுபாடு.

"சிவப்புப் பப்பாளியா, மஞ்சளா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. இப்போது கடையில் வருவதெல்லாம் பெரும்பாலும் ரெட் லேடி வகைச் சிவப்புப் பழம். நாட்டு மரத்துப் பழம் மஞ்சள். சிவப்பு என்பது லைகோபீன், தக்காளியில் இருக்கும் அதே நிறமி. மஞ்சள் பழத்தில் ஒரு மரபணு லைகோபீனைப் பீட்டா கரோட்டினாக மாற்றும் நொதியைச் செய்கிறது. சிவப்பில் அந்த மரபணு பழுதாகிவிட்டது, அதனால் லைகோபீன் தேங்கிச் சிவக்கிறது. லைகோபீன் வைட்டமின் ஏ-வாக மாறாது. ஆகையால் சிவந்தது உயர்ந்தது என்று கடைக்காரர் கூடுதல் விலை சொன்னால், கண்ணின் பெயரால் அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

சோதனைக்கூடம் போதாது, வீட்டுச் சாப்பாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தோனேசியா பதில் சொல்கிறது. அங்கே 1990-களில் இரத்தசோகை உள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குக் கீரையும் கேரட்டும். இன்னொரு குழுவுக்குப் பப்பாளி, மாம்பழம், பரங்கி. வாரக் கணக்கில் கொடுத்துவிட்டு இரத்தத்தைப் பார்த்தார்கள். ஒரு பங்கு வைட்டமின் ஏ கிடைக்கப் பழக் குழுவில் 12 பங்கு பீட்டா கரோட்டின் போதுமாக இருந்தது. கீரை, கேரட் குழுவில் 26 பங்கு தேவைப்பட்டது. 1998-ல் இது வெளியானபோது ஊட்டச்சத்துத் துறையில் பெரிய சலசலப்பு. அதுவரை எல்லாக் காய்க்கும் பழத்துக்கும் ஆறு பங்குக்கு ஒரு பங்கு என்று ஒரே வாய்ப்பாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நாமே ஒரு கணக்குப் போடுவோம். கேரட்டின் 6460-ஐ 26-ஆல் வகுத்தால் சுமார் 248. பப்பாளியின் 880-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 73. ஏழு மடங்கு மூன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் கேரட் இன்னும் முன்னேதான் இருக்கிறது. அதை மறைத்துப் பப்பாளிக்குக் கொடி பிடிக்க நான் வரவில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நூறு கிராம் என்பது தராசின் அளவு, வாயின் அளவு கிடையாது. நம் வீட்டில் கேரட் பொரியல் ஒருவர் தட்டில் விழுவது இரண்டு கரண்டி. ஐம்பது கிராம் இருந்தால் அதிகம். பப்பாளியை யாராவது ஐம்பது கிராம் சாப்பிடுவார்களா? வெட்டி வைத்தால் இருநூறு கிராம் பேச்சுவாக்கில் போய்விடும். ஐம்பது கிராம் கேரட்டில் 124. இருநூறு கிராம் பப்பாளியில் 146. ஏழு மடங்கு பின்தங்கிய பழம் சாப்பாட்டுத் தட்டில் கேரட்டை எட்டிப் பிடித்துவிட்டது. நான் எடுத்த அளவுகளை உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுப் பாருங்கள், விடை மாறும். மாறட்டும்.

கேரட்டுக்கு வக்காலத்து வாங்கவும் ஆள் வேண்டுமல்லவா? அதன் படிகத்தை உடைக்க நம் சமையலறையில் வழி இருக்கிறது. பச்சையாகக் கடித்தால்தான் முழுச்சத்து என்று ஒரு நம்பிக்கை இப்போது ரொம்பப் பரவியிருக்கிறது. வைட்டமின் சி விஷயத்தில் அதில் நியாயம் உண்டு, சூடு பட்டால் அது குறையும். ஆனால் கேரட்டில் வைட்டமின் சி-யே சொற்பம். காப்பாற்ற அங்கே பெரிதாக எதுவுமில்லை. கரோட்டின் விஷயம் தலைகீழ். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், பச்சைக் கேரட்டின் பீட்டா கரோட்டினில் நூற்றுக்கு 41 பங்குதான் குடலில் பிரிந்து உள்ளே போனது; வேகவைத்து மசித்துக் கொடுத்தபோது 65. கூடவே எண்ணெயும் வேண்டும். கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஒரு வேளைச் சாப்பாட்டில் சில கிராம் கொழுப்பு இருந்தால் போதும், கிண்ணம் கிண்ணமாக நெய் வேண்டாம்.

அம்மாக்கள் செய்யும் பொரியலை நினைத்துப் பாருங்கள். கேரட்டைத் துருவுகிறார்கள் அல்லது பொடியாக அரிகிறார்கள், செல்கள் உடைகின்றன. கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்த எண்ணெயில் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடி வைக்கிறார்கள், சுவர் குழைகிறது. இறக்கும்போது தேங்காய்த்துருவல், இன்னும் கொஞ்சம் கொழுப்பு. வாணலியின் ஓரத்தில் எண்ணெய் ஆரஞ்சு நிறமாகப் பிரிந்து நிற்கும், கவனித்திருப்பீர்கள். அந்த நிறம்தான் கரோட்டின். படிகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. டயட் என்று சொல்லி எண்ணெய் இல்லாமல் பச்சைக் கேரட்டை நீள நீளமாக நறுக்கி டப்பாவில் எடுத்துப் போகிறவர்களுக்கு நார்ச்சத்து கிடைக்கும், பல்லுக்கு வேலை கிடைக்கும். வைட்டமின் ஏ-வுக்கு அம்மாவின் பொரியல்தான் மேல்.

போகிற போக்கில் ஒன்று. கைக்குழந்தைக்குத் தினமும் கேரட்டை மசித்துக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளானதும் மஞ்சள் காமாலை என்று பதறி ஓடுகிற பெற்றோரைக் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் அது கரோட்டின் நிறம்தான். கேரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் போய்விடும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று தோன்றலாம். நம் மாநிலத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் நோய் ஒரு காலத்தில் நம் கிராமங்களில் சர்வ சாதாரணம். பொழுது சாய்ந்தால் பிள்ளை தடுமாறும், சுவரைப் பிடித்து நடக்கும். முற்றினால் கருவிழி குழைந்து பார்வை போகும். 1970 முதல் மத்திய அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் வைட்டமின் ஏ சொட்டு கொடுத்துவருகிறது. ஆனால் திருச்சி மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: பெரிய அளவை எப்போதோ கொடுக்காமல், உணவிலிருந்து கிடைக்கக்கூடிய சிறிய அளவை வாரந்தோறும் கொடுத்தால் என்ன ஆகும்? பதினைந்தாயிரம் சிறு குழந்தைகள். முடிவு 1990-ல் வெளியானது. சொட்டு பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண் மட்டுமல்ல, உயிரே இந்தச் சத்தில் தொங்குகிறது என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வுகளில் நம் திருச்சிக்கு முக்கிய இடம் உண்டு.

அந்த வாராந்தரச் சொட்டில் இருந்தது 2500 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. நம் கணக்கில் போட்டால் வாரத்துக்கு ஒரு கிலோ கேரட், அல்லது மூன்றரைக் கிலோ பப்பாளி. மூன்று வயதுப் பிள்ளை இரண்டில் எதையும் அவ்வளவு சாப்பிடாது. சாப்பிடவும் வேண்டாம். கீரை, பால், முட்டை, மாம்பழக் காலத்தில் மாம்பழம், எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பும் வேலையில் கிணற்றடிப் பப்பாளிக்கு ஒரு வசதி இருக்கிறது. அதைச் சமைக்க வேண்டாம், எண்ணெய் செலவு இல்லை, பல் முளைக்காத குழந்தைக்கும் விரலால் மசித்து ஊட்டலாம். கேரட்டுக்கு மலை வேண்டும், குளிர் வேண்டும்; அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, லாரி ஏறி வர வேண்டும். இராமநாதபுரத்துக் கொல்லையில் பப்பாளி வளரும், ஊட்டி கேரட் வளராது.

இனி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வைட்டமின் சி. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. தமிழ்நாட்டில் 53. சோறு, பருப்பு, கீரையில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. ஆனால் தாவர உணவின் இரும்பு உடம்பில் ஒட்டுவது மிகக் குறைவு. அதை ஒட்டவைப்பது வைட்டமின் சி. 1987-ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். அரிசிச் சோற்றோடு பலவகைப் பழங்களைக் கொடுத்து, சோற்றின் இரும்பு எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்று அளந்தார்கள். நன்றாக உயர்த்தியவை கொய்யாவும் பப்பாளியும். பணக்காரப் பழம் ஒன்றும் இல்லை பார்த்தீர்களா! கேரட்டுக்கு இந்த ஆட்டத்தில் வேலையே இல்லை.

இதில் வேதனையான விஷயம், இரும்பு மிக அதிகமாகத் தேவைப்படும் கர்ப்பிணிக்குத்தான் நாம் பப்பாளியைக் கண்ணிலும் காட்டுவதில்லை. "சூடு, கரு கலைஞ்சிடும்" என்பார்கள். காயைத் தவிர்க்கச் சொல்வதில் பொருள் இருக்கிறது. பப்பாளிக் காயின் பாலில் உள்ள பொருள்கள் எலிகளின் கருப்பையைச் சுருங்க வைப்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2002-ல் காட்டினார்கள். அதே ஆய்வில் நன்கு பழுத்த பழத்தின் சாற்றுக்கு அந்த விளைவு இல்லை. எலிக்கு நடந்தது எல்லாம் மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். தயக்கம் உள்ளவர்கள் கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை என்று போகலாம், வைட்டமின் சி அங்கேயும் தாராளம். ஆனால் காய் செய்த குற்றத்துக்குப் பழத்துக்குத் தண்டனை கொடுக்கிறோம் என்பது என் கட்சி.

கேரட்டுக்கும் இப்படி ஒரு பழி உண்டு. சர்க்கரை வியாதி என்றதும் "பூமிக்கு அடியில் விளைவதைத் தொடாதே" என்று ஒரு சட்டம் போட்டுவிடுகிறோம். உருளைக்கிழங்கோடு கேரட்டும் வெளியேறும். 1981-ல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உணவுகள் சர்க்கரையை ஏற்றும் வேகத்தை முதன்முதலாக அட்டவணையிட்டபோது, குளுக்கோஸ் 100 என்றால் கேரட் 92 என்று வந்தது. பயப்படக் கேட்பானேன்! பின்னால் அளந்தவர்களுக்குக் கிடைத்தது நாற்பதை ஒட்டிய எண். அதோடு அந்தச் சோதனைக்கு ஐம்பது கிராம் மாவுச்சத்து தேவை. கேரட்டில் அதைப் பெற முக்கால் கிலோவுக்குப் பக்கமாகத் தின்ன வேண்டும். இரண்டு கரண்டிப் பொரியலுக்கு எந்தச் சர்க்கரையும் மலை ஏறாது. அல்வாவாக்கினால் ஏறும், அது கேரட்டின் குற்றமில்லை. பின்னால் வந்த அட்டவணைகளில் பப்பாளி கேரட்டைவிடச் சற்று மேலேதான் நிற்கிறது. சர்க்கரைக்காரர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம், ஜூஸாக்கிச் சீனி போடாமல் இருந்தால் சரி.

கடைசியாக, சாப்பிடும் நேரம். எடை குறைக்க விரும்புகிறவர்கள் பப்பாளியைக் காலையில் வெறும் வயிற்றில் தனியாகச் சாப்பிடுகிறார்கள். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கரோட்டினுக்குக் கொழுப்பு வேண்டும், அது சாப்பாட்டில் இருக்கிறது. வைட்டமின் சி இரும்பைப் பிடிக்க வேண்டும், அந்த இரும்பும் சாப்பாட்டில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் சந்தித்தால்தான் பலன். மதியம் சோறு, பருப்பு, கீரை சாப்பிட்ட கையோடு பப்பாளியை வெட்டுங்கள். சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைத் தடுத்துவிடும் என்பதால், அதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். அந்த இடத்தில் பப்பாளி போகட்டும். இரண்டு துண்டு போதும்.